கட்டில்ல இருந்து விழுந்த பிள்ளை

உக்காரும்மா. அந்தப் பையி என்னுதுதான், இந்தா நகட்டிக்கிடுதேன். பிள்ளைங்க வார்டுக்கா வந்த? அக்கா மவளுக்குக் காய்ச்சலா. கஞ்சி கொண்டாந்திருக்க, சரி. இப்பம் விடமாட்டாவ. அந்தக் காக்கிச்சட்ட அண்ணாச்சி கதவத் தொறந்தாத்தான் உண்டு. அதுவரைக்கும் இங்கனதான் இருக்கணும். எனக்கு இந்தப் பெஞ்சில எந்தக் கம்பி குத்தும், எந்தக் கம்பி குத்தாதுன்னுகூட மனப்பாடமா ஆயிட்டு.

என் தம்பி மவன் உள்ள கெடக்கான். இசக்கிராஜ்னு பேரு, அஞ்சு வயசு. தலையில அடி. மண்டையத் தொறந்து ரத்தக்கட்டிய எடுத்திருக்காவ. உசுருக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவ, இசக்கியம்மா புண்ணியம். பால் குடிக்கானாம், கைகால அசைக்கானாம். எல்லாம் அடுத்தவங்க சொல்லித்தான் தெரியும். நான் இன்னும் பாக்கல. என்னைய உள்ள விடல.

ஆஸ்பத்திரிக்காரங்க விடலன்னாலும் மனசு ஆறிரும்மா. விடாதவ பெத்தவ. என் தம்பி பொண்டாட்டி செவ்வந்தி. அந்த அண்ணாச்சிட்ட என் முகத்தக் காட்டி, இவிய வந்தா உள்ள விடாதியன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவ எப்பம் வீட்டுல இருந்தா சொல்லு? காலையில ஜவுளிக்கடைக்குப் போனான்னா விளக்கு வச்சப்புறம்தான் வருவா. தம்பி லாரி ஓட்டுதான், பாதி நாளு வடக்கதான் கெடப்பான். பகலெல்லாம் பிள்ள என் இடுப்புலதான் கெடந்தான். சோறு ஊட்டுனது நானு. குளிப்பாட்டுனது நானு. அம்மாங்கற வார்த்தைக்கு முன்னால அத்தன்னுதான் சொன்னான். அதுலயே அவளுக்கு எம்மேல ஒரு காந்தல் உண்டு. வெளிய காட்டமாட்டா.

நீ வெளியாளு. உனக்கு நானும் ஒண்ணுதான், அவளும் ஒண்ணுதான். கேட்டுட்டு நியாயத்தச் சொல்லு.

அன்னைக்கு மத்தியானம் பிள்ள விழுந்துட்டான். பிள்ளைன்னா விழத்தான செய்யும். விழுந்ததும் அழுதான், நல்லா சத்தம் போட்டு அழுதான். அப்புறம் எந்திரிச்சி நின்னான், அத்த தண்ணின்னு கேட்டான். காதுக்கு மேல வீங்கியிருந்துச்சு, ரத்தம்கூட வரல. இருந்தாலும் நான் சும்மா இருக்கல பாரு. ஒரு ஆட்டோவப் புடிச்சு, பிள்ளைய மடியில போட்டு, நேரா இங்க கொண்டாந்துட்டேன். வேற யாராவதுன்னா வீட்டுல மஞ்சப் பத்துப் போட்டுப் படுக்கவச்சிருப்பாவ. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியாந்தது நான்தான். அத இப்பம் யாராவது சொல்லுதாவளா? ஒருத்தரும் சொல்லல.

இங்க ஒரு சின்ன டாக்டரு. மீச இப்பத்தான் மொளச்சிருக்கு. நல்ல பையன், கொறை சொல்லல. பிள்ள எப்படிம்மா விழுந்தான்னு கேட்டான். கட்டில்ல இருந்து விழுந்துட்டான் சார்ன்னேன். எவ்வளவு உயரம்னு கேட்டான். முழங்கால்கிட்ட கைய வச்சுக் காட்டுனேன், இந்தா இவ்வளவுதான்னு.

என்ன அப்படிப் பாக்க? கட்டில்னுதான் சொன்னேன். அதுக்குக் காரணம் இருக்கும்மா.

எங்க வீட்டுக்காரவிய உசுரோட இருக்கும்போது, ரோட்டுல பஸ் தட்டிக் கெடந்த ஒரு ஆளத் தூக்கிக்கிட்டு இதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாவ. யாரு எவருன்னு தெரியாத ஆளு. புண்ணியத்துக்குப் போனாவ. போன எடத்துல பேரக் கேட்டு, ஊரக் கேட்டு, சாட்சின்னு சேத்துட்டாவ. அப்புறம் வருசக்கணக்கா கோர்ட்டு. நல்ல வேலை கெடைக்கிற அன்னைக்குத்தான் வரச்சொல்லுவாவ. போனா, வக்கீலு வரல, ஜட்ஜய்யா லீவு, இன்னொரு நாளு வான்னு அனுப்பிருவாவ. அந்த மனுசன் கண்ண மூடுற வரைக்கும் அந்தக் கேசு முடியல. அதிலருந்து எனக்கு ஒரு தெளிவு வந்துட்டு. ஆஸ்பத்திரி வாசல்ல ஆக்சிடெண்டுங்கற வார்த்தைய வாயில எடுக்கப்பிடாது. எடுத்தா கேசு. போலீசு வரணும், அவன் வார வரைக்கும் வைத்தியம் பாக்கமாட்டாவ. எங்க தெருவுல யாருக்கு என்ன அடின்னாலும் எங்கிட்ட வந்து கேட்டுட்டுத்தான் போவாவ. மாடு முட்டுனாலும் சரி, மச்சுல இருந்து விழுந்தாலும் சரி, கால் வழுக்கிட்டுன்னு சொல்லுன்னு சொல்லி அனுப்புவேன். இதுவரைக்கும் எங்க தெருவுல ஒருத்தர் மேலயும் கேசு வந்தது கெடையாது.

அதான் கட்டில்னு சொன்னேன். வண்டின்னு சொன்னா விடுவாவளா?

ஆமா, வண்டிதான். செவ்வந்தி வேலைக்குப் போவ தம்பி வாங்கிக் குடுத்த ஸ்கூட்டரு. அன்னைக்கு அவ பஸ்சுல போயிட்டா, வண்டி வாசல்ல சும்மா நின்னுச்சு. பிள்ள சேமியா ஐஸ் வேணும்னு ஒரே அழுகை. முன்னால நிக்கவச்சுக் கூட்டிட்டுப் போனேன். ஊருல எல்லாரும் அப்படித்தான கூட்டிட்டுப் போறாவ? வளைவுல சாக்கடைக்குத் தோண்டுன மண்ணு ரோட்டுல கெடந்துச்சு. டயரு அதுல ஏறி வழுக்கிட்டு. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், பிள்ள ஒரு பக்கம். மண்ண அள்ளாம போட்டவன ஒருத்தரும் கேக்கல பாரு. வண்டி மெதுவாத்தான் போச்சு. லைசென்சு எடுக்கணும் எடுக்கணும்னு நெனச்சிக்கிட்டேதான் இருந்தேன், எடுக்கல. வண்டிய யாரு ஓட்டுனாங்கறதாம்மா இப்பம் முக்கியம்?

எனக்கும் அடிதான். இந்தா பாரு முழங்கை, பொருக்குத் தட்டிப்போய் கெடக்கு. முட்டியும் மடக்க முடியல. அன்னைக்கு டாக்டர் முன்னால நிக்கும்போது முந்தானைய இழுத்து இதுமேல போட்டுக்கிட்டேன். பாத்தா கேப்பான்லா, கட்டில்ல இருந்து விழுந்தது பிள்ளையா நீயான்னு.

அவன் அதோட விடல. பிள்ள வாந்தி எடுத்தானான்னு கேட்டான். ஆட்டோவுல ஒரு தடவ எடுத்தான்தான். காலையில தின்ன பரோட்டா ஒத்துக்கிடல சார்ன்னேன். மயக்கம் வந்துச்சான்னு கேட்டான். விழுந்த எடத்துல கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தான், அதுக்கப்புறம்தான் அழுதான். ஆனா அது செத்த நேரம்தான். பயத்துல மூடியிருப்பான். அதப்போயி மயக்கம்னு சொன்னா பெருசா எடுத்துக்கிடுவாவ. இல்ல சார், நல்லாத்தான் இருந்தான்னேன். அவன் ஒண்ணு கேக்க, நான் ஒண்ணு சொல்ல, எதுலயும் மாட்டல. வக்கீலுக்குப் படிக்கவச்சிருந்தா நல்லா வந்திருப்பன்னு எங்க வீட்டுக்காரவிய அடிக்கடி சொல்லுவாவ.

அவன் பிள்ளையத் தடவிப் பாத்தான். கட்டில் உயரம்தான, பெருசா எதுவும் இருக்காது, இருந்தாலும் இங்கயே வச்சுப் பாப்போம்னான். தூங்குனா அப்பப்பம் எழுப்பிப் பாருங்க, மறுபடியும் வாந்தி எடுத்தா உடனே கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு அடுத்த பிள்ளையப் பாக்கப் போயிட்டான். அன்னைக்குக் கூட்டம்னா கூட்டம் உனக்கு எனக்குன்னு இல்ல.

பிள்ள தூங்கிட்டான். நான் முந்தானையால விசிறிக்கிட்டு இருந்தேன். நர்சம்மா வந்து எழுப்பிப் பாத்தியளான்னு கேட்டா. இப்பத்தான் எழுப்புனேன், ம்முன்னு முனகுனான்னு சொன்னேன். எழுப்பலம்மா. அழுது களைச்ச பிள்ளைய எதுக்குப் போட்டு உலுப்பணும்? தூங்கி எந்திரிச்சா தெளிஞ்சிருவான்னுதான் நெனச்சேன். கொறட்டகூட விட்டான். கொறட்ட விட்டா நல்ல தூக்கம்னுதான அர்த்தம். அசந்து தூங்குதான்னு நான் சந்தோசமா உக்காந்திருக்கேன். அது தூக்கமில்லன்னு எனக்கு யாரு சொன்னா?

அப்பத்தான் செவ்வந்தி வந்தா. கடையில சொல்லிட்டு, மூச்சு வாங்க ஓடியாந்தா. கட்டில்ல இருந்து விழுந்துட்டான்னுதான் அவளுக்கும் போன்ல சொல்லியிருந்தேன். வந்தவ பிள்ளைய அப்படியும் இப்படியும் புரட்டுனா. கடையில சேலையில ஓட்ட இருக்கான்னு பாப்பாளே, அந்தப் பார்வ. பிள்ள முழங்கையில பொடிப்பொடியா கல்லு ஏறியிருந்துச்சு. நான் ஈரத்துணிய வச்சுத் தொடச்சுதான் பாத்தேன், வரல. அவ அதுலயே வெரல வச்சுக்கிட்டு என்னைய நிமுந்து பாத்தா.

"கட்டில்ல இருந்து விழுந்தா முழங்கையில எப்படி மதினி ரோட்டுக் கல்லு ஏறும்?"

நான் அவ காதுகிட்டப் போயி, வண்டி மண்ணுல வழுக்கிட்டு, கேசாயிரும்ட்டி, சத்தம் போடாதன்னேன். அவ நல்லதுக்கும் சேத்துத்தான் சொன்னேன். வண்டி அவ பேருலதான இருக்கு. அவ அதெல்லாம் காதுல வாங்கல. பிள்ளைய எழுப்புனா. கன்னத்துல தட்டுனா. காதக் கிள்ளுனா. அவன் முழிக்கல. அவ கத்தியிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும்மா. கத்தல. நேரா அந்த டாக்டர்ட்ட போயி, அத்தன சனத்துக்கு முன்னால சொன்னா.

"சார், எம்பிள்ள வண்டியில இருந்து விழுந்திருக்கான். ஓட்டுனது இவிய. கட்டில்னு சொன்னது பொய்யி."

அம்புட்டுப் பேரும் என்னையத்தான் பாத்தாவ. சொந்த நாத்தனாரக் காட்டிக்குடுக்கற மாதிரி விரல நீட்டிச் சொன்னா. அதத்தான் என்னால மறக்க முடியல. தனியா கூட்டிட்டுப் போயிச் சொல்லியிருக்கலாம்லா. டாக்டரு அடுத்த பிள்ளைய அப்படியே விட்டுட்டு ஓடியாந்தான். கண்ண விரிச்சு டார்ச்சு அடிச்சான். ஒரு பக்கத்துக் கருமணி பெருசாயிட்டுன்னு சத்தம் போட்டான். எங்கிருந்துதான் வந்தாவளோ அத்தன பேரு. கழுத்துக்குப் பட்டைய மாட்டி, வாய்க்குள்ள குழாயப் போட்டுத் தள்ளிக்கிட்டு ஓடுனாவ. ஸ்கேன் எடுத்தா, எலும்புக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் தேங்கி அமுக்குதாம். அப்படியே ஆபரேசன் தேட்டருக்குக் கொண்டுபோயிட்டாவ. போலீசு வரட்டும்னு ஒருத்தரும் சொல்லல. நான் பின்னாலயே நொண்டி நொண்டி ஓடுனேன்.

போற போக்குல அந்த டாக்டரு என்னையப் பாத்து, வந்ததும் சொல்லியிருந்தா அப்பவே ஸ்கேன் எடுத்திருப்பேனேம்மான்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் கேக்கேன், அவன் படிச்சவன்தான? ஒரு பொம்பள முழங்கால்ல கைய வச்சுக் காட்டுனா அப்படியே நம்பிருததா? அந்தக் கல்லு அவன் கண்ணுக்குப் படலையா? அவன் மேலயும் தப்பு இருக்கு. ஆனா எல்லாத்தையும் எந்தலையிலதான் கட்டுதாவ.

அப்புறம் போலீசு வந்துச்சு. இங்க ஆஸ்பத்திரிக்குள்ளயே ஒரு ஏட்டையா இருக்காரு. எப்படி விழுந்துச்சுன்னு கேட்டாரு. அவர்ட்டயும் கட்டில்னுதான் சொன்னேன். வாயில அதான் வருது, நான் என்ன செய்ய? செவ்வந்தி அவர்ட்ட முன்னாலயே உள்ளதச் சொல்லியிருக்கா போல, அவரு எழுதுறத நிறுத்திட்டாரு. வயசானவரு. எம்மா, மண்ணுல வழுக்கி விழுந்திருக்கிய, வேற ஒருத்தன் வந்து இடிக்கல, பிள்ள நல்லபடியா வரட்டும், இனிமே லைசென்சு எடுத்துட்டு ஓட்டுங்கன்னாரு. ஒரு கையெழுத்து வாங்குனாரு. டீ குடிக்கப் போயிட்டாரு.

அவ்வளவுதாம்மா. அந்தக் கேசு அவ்வளவுதான். அதுக்கா நான்...

சரி விடு. தண்ணி வச்சிருக்கியா? ஒரு மடக்கு குடு.

தம்பி வந்து சேந்தான். வடக்க எங்கயோ லாரிய இன்னொருத்தன்ட்ட ஒப்படைச்சிட்டு ரயிலேறி வந்தான். தாயில்லாம அவன நான் வளத்தேன், எனக்காக ரெண்டு வார்த்த பேசுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இந்தப் பெஞ்சத் தாண்டித்தான் போறான், தாண்டித்தான் வாரான். சாப்பிட்டியாக்கான்னு கேட்டான். வேற ஒண்ணும் கேக்கல. ஏன்க்கா அப்படிச் சொன்னன்னு கேட்டு ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். சாப்பிட்டியான்னு கேக்கான். சாப்பிட்டேன்னு சொன்னேன். சாப்பிடல.

அலுத்துப்போச்சும்மா. மொதல்ல கோவமா இருந்துச்சு. இப்பம் கோவப்படக்கூட மேலுல தெம்பு இல்ல. கண்ண மூடுனா அந்தக் கொறட்டச் சத்தம்தான் கேக்கு.

இன்னைக்குக் காலையில செவ்வந்தி வெளிய வந்தா. வந்து, நீ இருக்க பாரு, அந்த எடத்துலதான் உக்காந்தா. அவ்வளவு நாளா ஒரு பேச்சு கெடையாது. வந்து உக்காந்து, பிள்ள நல்லாப் பேசுதான் மதினின்னா. எனக்கு அழுகை வந்துட்டு. அவளும் அழுதா. அப்புறம் சொல்லுதா, டாக்டரு அவன்ட்ட எப்படி விழுந்தன்னு கேட்டாராம். மூளை தெளிவா வேல செய்யுதான்னு பாக்கதுக்குக் கேப்பாவளாம். கட்டில்ல இருந்து விழுந்தேன்னு சொல்லுதானாம். இல்லப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுன்னாலும் கட்டில்தானாம். அவ கேட்டாளாம், தம்பி கேட்டானாம். வண்டியில போனியான்னு கேட்டா வாயப் பொத்திக்கிடுதானாம்.

ஆட்டோவுல வரும்போது நான்தாம்மா சொல்லிக்குடுத்தேன். யாரு கேட்டாலும் கட்டில்ல இருந்து விழுந்தேன்னு சொல்லணும் ராசா, இல்லன்னா அத்தைய போலீசு புடிச்சிட்டுப் போயிரும்னு. திருப்பித் திருப்பிச் சொல்லவச்சேன். வாந்தி எடுத்துக்கிட்டே சொன்னான். மண்டையத் தொறந்து மூடியிருக்காவ, அவ்வளவு பாடுபட்டும் அத்த சொன்னத அவன் விடல பாத்தியா. அவ அதச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள்ள பெருமையாக்கூட இருந்துச்சு. என்னைய எப்படியும் நெனச்சுக்கோ. இருந்துச்சு.

செவ்வந்தி என் கையப் புடிச்சுக்கிட்டா. புண்ணுலயே புடிச்சா, நான் சொல்லல.

"நீங்க சொன்னதுக்காகச் சொல்லுதானா, இல்ல நெசமாவே நெனப்பு அழிஞ்சிட்டான்னு அவியளுக்குத் தெரியணுமாம் மதினி. எனக்கும் தெரியணும். நீங்க வந்து உள்ளதச் சொல்லலாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவன் விடுவான்."

ஆமா, என்னைய உள்ள விடலன்னுதான் உங்கிட்டச் சொன்னேன். நேத்து வரைக்கும் விடல, அது நெசம். இன்னைக்குக் காலையிலயே கூப்பிட்டுட்டா. நான்தான் போகல. குளிச்சுட்டு வாரேன்னு சொன்னேன். குளிச்சுட்டு வந்தேன். கொஞ்சம் படபடன்னு வருதுன்னு சொன்னேன். நீ வந்து உக்காந்த, உங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்.

அந்த அண்ணாச்சி கூப்பிடுதாரு, எனக்கும் கேக்கு. இசக்கிராஜ் அத்த யாரும்மான்னு கேக்காரு. ரெண்டாவது தடவயா கூப்பிடுதாரு. போறேன்.

போயி, ராசா, இனிமே கட்டில்னு சொல்லவேண்டாம்யா, அத்தைய யாரும் புடிக்கமாட்டாவன்னு சொல்லுவேன். என் பேச்ச அவன் கேப்பான், உடனே விட்டுருவான். அது இல்லம்மா எனக்கு. ஒருவேள நெசமாவே அவனுக்கு நெனப்பு இல்லாம இருந்தா? வண்டியும் தெரியாம, ரோடும் தெரியாம, நான் சொல்லிக்குடுத்தது மட்டும்தான் அவன் தலைக்குள்ள இருக்குன்னா? என் முகத்தப் பாத்து, "அப்பம் நான் எங்கன இருந்து அத்த விழுந்தேன்?"னு கேப்பான்லா.

கையக் கொஞ்சம் குடும்மா. எந்திரிக்கணும்.